எடை குறைக்கக் கூடாத மாதிரி விமானம்: எக்ஸ்-48பி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் விமானம் கட்டுகிறவர்களுக்கு எடைதான் எதிரி. பால்சா பலகையில் ஓட்டை போட்டுக் குறைப்பார்கள், பெயின்ட்டை மெல்லிசாக அடிப்பார்கள், பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். தராசில் நூறு கிராம் இறங்கினால் அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். 2000களின் நடுவில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனம் போயிங்குக்காகக் கட்டிக்கொடுத்த ஒரு மாதிரி விமானத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இறக்கை நுனிக்கு நுனி 20.4 அடி, அதாவது 6.2 மீட்டர். எடை சுமார் 500 பவுண்டு, நம் கணக்கில் 227 கிலோ. அந்த எடையை மீறினாலும் தப்பு, அதற்குக் கீழே இறங்கினாலும் தப்பு.

அதைப் பறக்க வைத்தவை மூன்று ஜெட்கேட் பி200 இன்ஜின்கள். ராணுவத்துக்காகவோ விண்வெளி நிறுவனத்துக்காகவோ தனியாகச் செய்தவை அல்ல. ஜெர்மனியில் மாதிரி விமான ஆர்வலர்களுக்காகத் தயாரித்து, பணம் கொடுத்தால் யாருக்கும் விற்கிற இன்ஜின்கள். நாசா, போயிங், அமெரிக்க விமானப்படை ஆய்வகம் என மூன்று பெரிய இடங்கள் சேர்ந்து நடத்திய திட்டம் கடை இன்ஜினில் ஓடியது. எக்ஸ்-48பி என்ற அந்த விமானத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், பெரிய அளவு மாதிரி ஒன்றைக் கட்டும்போது எந்த முடிவு எந்த முடிவைக் கட்டிப்போடுகிறது என்பதை இதைப்போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அளவு விகிதத்தை முடிவு செய்த அன்றைக்கே எடை, வேகம், இன்ஜின், கட்டுப்பாட்டுத் தட்டுகளை அசைக்கும் சர்வோ மோட்டாரின் வேகம் எல்லாமே முடிவாகிவிட்டன.

எதற்காக ஒரு மாதிரி

நாம் பார்த்துப் பழகிய பயணிகள் விமானம் ஒரு குழாய், இரண்டு பக்கமும் இறக்கை, பின்னால் வால். கலந்த இறக்கை உடல் என்ற வடிவத்தில் இந்தப் பிரிவினை இல்லை. உடலே அகன்று விரிந்து இறக்கையாகிறது, வால் கிடையாது. 1980களின் கடைசியில் நாசா லாங்லி மையத்தின் டென்னிஸ் புஷ்னெல், நெடுந்தூர விமானங்களின் வடிவத்தில் இனி புதிதாக எதுவுமே வராதா என்ற கேள்வியைக் கிளப்பினார். அதற்குப் பதிலாக மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தில் ராபர்ட் லீபெக், மார்க் பேஜ், பிளெய்ன் ராடன் ஆகியோர் வளர்த்தெடுத்ததுதான் இந்த வடிவம். 1997இல் அந்த நிறுவனம் போயிங்கோடு இணைந்ததும் வேலை போயிங்கின் கைக்குப் போனது.

வடிவத்தின் லாபம் எரிபொருளில். உடலும் தூக்குவிசை தருகிறது, காற்று உரசும் மொத்தப் பரப்பும் குறைகிறது. சிக்கல் வாலில். சாதாரண விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் தட்டு, எடை மையத்திலிருந்து வெகுதூரம் பின்னால் இருக்கிறது. நெம்புகோல் நீளமாக இருப்பதால் சின்னத் தட்டே போதும். வாலில்லாத விமானத்தில் அந்த வேலையை இறக்கையின் பின்விளிம்பில் உள்ள தட்டுகள்தான் செய்ய வேண்டும். நெம்புகோல் குட்டை. போதாததற்கு, விமானத்தைச் சாய்ப்பதும் அதே தட்டுகள்தான். வேகம் குறைந்து, மூக்கு அதிகம் ஏறி, காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரியும் ஸ்டால் நிலையில் இந்த வடிவம் என்ன செய்யும்? தலைகுப்புற உருளுமா? ஆள் ஏறி உட்காருவதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். காற்றுச் சுரங்கம் ஓரளவுக்குத்தான் சொல்லும். சுதந்திரமாகப் பறந்து, ஸ்டால் ஆகி, மீண்டு வருகிற ஒன்று வேண்டும்.

இப்படி ஆளில்லாமல் ஆபத்தைச் சோதிப்பது நாசாவுக்குப் புதிதல்ல. 1973இல் எஃப்-15 போர்விமானத்தின் எட்டில் மூன்று பங்கு அளவிலான மாதிரியை பி-52 விமானத்திலிருந்து கழற்றி விட்டு, தரையிலிருந்து ஓட்டினார்கள். அதற்கு இன்ஜின் கிடையாது. உயரத்திலிருந்து இறங்கும் நேரம்தான் சோதனை நேரம். எக்ஸ்-48பி தன் சொந்தக் காலில் ஓடி, ஏறி, சுற்றி, இறங்க வேண்டியிருந்தது.

6, 14, கடைசியில் 8.5

முதலில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 6 சதவீத அளவில் ஒன்றைக் கட்டினார்கள். நுனிக்கு நுனி 17 அடி, ப்ரொபெல்லர் சுழற்றும் இரண்டு சிறிய இன்ஜின்கள். 1997 ஜூலையில் கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் பறந்தது. வடிவம் பறக்கும், கணினி உதவியோடு அடங்கி நடக்கும் என்பதை அது காட்டியது. அடுத்து நாசா 14 சதவீத அளவில், 35 அடியில் எக்ஸ்-48ஏ என்ற ஒன்றைத் திட்டமிட்டது. அது பறக்கவே இல்லை. 2000களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. பிறகு வந்ததுதான் 8.5 சதவீத எக்ஸ்-48பி. 240 அடி, சுமார் 73 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு கற்பனை விமானத்தின் சிறிய வடிவம்.

இந்த மூன்று எண்களும் ஆசைக்கு எடுத்தவை அல்ல. ஏன் என்று புரிய, இயக்க ஒப்புமை, அதாவது மாதிரியின் அசைவுகள் பெரிய விமானத்தின் அசைவுகளோடு ஒத்துப்போக வைப்பது என்ற விஷயத்துக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். இந்த ஆய்வின் மையமே அதுதான், ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை நாலில் ஒரு பங்காக்கினால் ஆடும் நேரம் பாதியாகும். பூமியின் ஈர்ப்பை நம்மால் சிறிதாக்க முடியாது என்பதால், நீளம் குறையும்போது நேரம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. விமானத்துக்கும் அதே விதிதான். 8.5 சதவீதம் என்றால் பெரியதன் நீளத்தில் 11.76இல் ஒரு பங்கு. அதன் வர்க்கமூலம் 3.43. மாதிரியில் எல்லா அசைவும் 3.43 மடங்கு சீக்கிரம் நடக்கும். பெரிய விமானம் மூன்று நொடியில் மூக்கை ஒருமுறை ஏற்றி இறக்கி ஆடுகிறது என்றால், மாதிரி ஒரு நொடிக்குள் அதை முடித்துவிடும். பறக்கும் வேகமோ 3.43 மடங்கு குறையும்.

எடைக்கு வருவோம். தூக்குவிசை இறக்கைப் பரப்பைப் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பு 138 மடங்கு குறைகிறது, வேகத்தின் வர்க்கம் 11.76 மடங்கு குறைகிறது. பெருக்கினால் சுமார் 1,628. காற்றின் அடர்த்தி ஒன்றே என்று வைத்துக்கொண்டால், மாதிரியின் தூக்குவிசை பெரியதில் 1,628இல் ஒரு பங்கு. அதே கோணத்தில், அதே நடத்தையோடு பறக்க வேண்டுமானால் எடையும் சரியாக அதே பங்காக இருந்தாக வேண்டும். 227 கிலோவைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள்: 370 டன் வருகிறது. போயிங் 747-400 முழுச் சுமையோடு 397 டன். எவ்வளவு பெரிய விமானத்தை மனதில் வைத்து இந்தக் குட்டியைக் கட்டினார்கள் என்பது இப்போது தெரியும்.

இதை 100 கிலோவில் கட்டியிருக்க முடியாதா? கார்பன் ஃபைபரை வைத்துக்கொண்டு முயன்றால் அந்தப் பக்கம் போகலாம். அழகாகவும் பறக்கும். ஆனால் அந்த விமானம் பெரியதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குறைந்த கோணத்தில் மிதந்து, தாமதமாக ஸ்டால் ஆகி, காற்று வீசினால் எகிறி, எல்லாவற்றிலும் பொய்யான நல்ல பெயரை வாங்கித் தந்துவிடும்.

அப்புறம் இன்னொரு எண் இருக்கிறது, இதுதான் கட்டுகிறவரின் உயிரை வாங்குவது. விமானம் எவ்வளவு கனம் என்பதோடு, அந்தக் கனம் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும். திருப்பும்போது விமானம் காட்டும் முரண்டு, பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன், நீளத்தின் ஐந்தாம் படியில் குறைகிறது. 8.5 சதவீதத்துக்கு அது சுமார் 2,25,000இல் ஒரு பங்கு. நுனியில் ஒரு கிலோ கூடினால் மொத்த எடையில் அது தெரியாது, சாய்கிற வேகத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் இத்தகைய மாதிரிகளில் உடலை முதலில் முடிந்தவரை லேசாகக் கட்டி, பிறகு வேண்டிய இடங்களில் எடையைச் சேர்ப்பதுதான் முறை. லேசாகக் கட்டும் திறமை இங்கேயும் வேண்டும். மிச்சம் பிடித்த எடையைத் திரும்பச் செலவழிக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது அந்த மூன்று அளவுகளைத் திரும்பப் பாருங்கள். 14 சதவீதத்தில் இதே கணக்கைப் போட்டால் எடை ஒரு டன்னைத் தாண்டும். அசைவுகள் 2.67 மடங்குதான் வேகம் என்பதால் ஓட்டுவது சுலபம், ஆனால் செலவும் ஆபத்தும் சிறு விமானத்துக்கு உரியவை. 6 சதவீதத்தில் அசைவுகள் நான்கு மடங்குக்கு மேல் வேகம், கருவிகள் வைக்க இடமும் எடையும் இல்லை. 8.5 ஒரு சமரசம், அதுவும் நல்ல சமரசம் என்பது என் கருத்து. அதை நல்லதாக்கியது இன்ஜின்.

மூன்று பி200

உந்துவிசையும் எடையைப் போலவே 1,628இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். பி200 ஒன்றின் உச்ச விசை சுமார் 230 நியூட்டன், கிட்டத்தட்ட 23 கிலோ. மூன்றும் சேர்ந்து 690 நியூட்டன். இதை 1,628ஆல் பெருக்கினால் 11 லட்சம் நியூட்டனுக்கு மேல் வரும். 747-400இன் நான்கு இன்ஜின்களும் சேர்ந்து தருவது ஏறக்குறைய இதேதான். 8.5 சதவீத விமானத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு கடை இன்ஜின் பொருந்தியது.

எடையோடு ஒப்பிட்டால் இந்த விசை 0.31 பங்குதான். ஆர்வலர்கள் ஜெட் மாதிரி கட்டும்போது எடைக்குச் சமமான விசையை விரும்புவார்கள். செங்குத்தாக ஏற முடியும், ஏதாவது தப்பினால் த்ராட்டிலைத் தள்ளி மீளலாம். எக்ஸ்-48பியில் அந்தச் சலுகை கிடையாது. பயணிகள் விமானம்போலவே நீள ஓடி, நிதானமாக ஏற வேண்டும். பலம் கூட்டிக் கட்டியிருந்தால் சோதனையே கெட்டிருக்கும்.

பி200இன் உள்ளே நகரும் பாகம் உண்மையில் ஒன்றுதான்: ஒரு தண்டு. முன்னால் காற்றை அமுக்கும் சக்கரம், பின்னால் வெப்ப வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், நடுவில் வளையமாக எரியும் அறை. மொத்த எடை 2.4 கிலோவுக்குள். தண்டு நிமிடத்துக்கு 1,12,000 சுற்று சுற்றுகிறது. இந்த வகை இன்ஜினை வீட்டுப் பட்டறையிலும் செய்யலாம் என்று 1980களின் முடிவில் காட்டியவர் ஜெர்மானியரான கர்ட் ஷ்ரெக்லிங். அவருடைய இன்ஜினில் காற்றை அமுக்கும் சக்கரம் பிளைவுட்டில் செய்து கார்பன் நூல் சுற்றியது. அங்கிருந்து இருபது வருடத்துக்குள் அதே குடும்பத்து இன்ஜின் நாசாவின் எக்ஸ் வரிசை விமானத்தில் ஏறியது. ஆர்வலர் உலகம் பெருமைப்பட வேண்டிய விஷயம், போதிய அளவு பேசப்படாத விஷயமும்கூட.

இதை ஸ்டார்ட் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் மறக்காது. முன்மூக்கில் உட்கார்ந்திருக்கும் சின்ன எலெக்ட்ரிக் மோட்டார் தண்டைப் பிடித்து மெல்லச் சுழற்றும், விசிறி ஓடுவதுபோல ஒரு சன்னச் சத்தம். உள்ளே, எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் சிவந்து பழுக்கும். கொஞ்சமாக எரிபொருள் நுழைய, ‘புப்’ என்று ஒரு பற்றல். பின்குழாயின் வெப்பமானி ஏறத் தொடங்கும். இங்கேதான் கவனம். வெப்பம் மளமளவென்று ஏறி, சுற்று ஏறாமல் நின்றால் உள்ளே இருக்கும் உலோகம் வெந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைப் பார்த்து எரிபொருளை நிறுத்தும். எல்லாம் சரியாகப் போனால் பம்ப் சொட்டுச் சொட்டாகக் கூட்ட, சத்தம் விசிலாகி, விசில் கூர்மையாகி, மோட்டார் தண்டை விட்டு விலகும். அதன் பிறகு இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்கிறது. மண்ணெண்ணெயும் சுமார் ஐந்து சதவீத டர்பைன் ஆயிலும் கலந்த எரிபொருள்தான் பேரிங்குக்கும் எண்ணெய். எரிபொருளில் ஆயில் கலக்க மறந்தால் இன்ஜின் போனது போனதுதான்.

குடிப்பது பயங்கரம். முழு விசையில் ஒரு இன்ஜின் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். மூன்றுக்கும் 2.2 லிட்டர். எக்ஸ்-48பியால் சுமார் 40 நிமிடம் பறக்க முடிந்தது. முழு நேரமும் முழு விசையில் ஓட்டினால் 88 லிட்டர், 70 கிலோ ஆகிவிடும். நடைமுறையில் அவ்வளவு போகாது. ஏறும்போதுதான் முழு விசை. இருந்தாலும் பறக்கப் பறக்க எடை கணிசமாக இறங்குகிறது. வாலில்லாத விமானத்தில் எடை மையம் சற்று நகர்ந்தாலே குணம் மாறிவிடும் என்பதால், எரிபொருள் எடை மையத்தை ஒட்டிக் குறைவது இங்கே மற்ற எந்த மாதிரியையும்விட முக்கியம்.

இன்ஜின்கள் உடலின் பின்பக்கம், மேலே தூணில் நிற்கின்றன. அதனால் உந்தும் கோடு எடை மையத்துக்கு மேலே போகிறது. த்ராட்டிலைக் கூட்டினால் மூக்கு கீழே போகப் பார்க்கும், குறைத்தால் மேலே எழப் பார்க்கும். நீண்ட வால் உள்ள விமானத்தில் இதைச் சமாளிப்பது பெரிய வேலையில்லை. இங்கே குட்டை நெம்புகோலில் வேலை செய்யும் பின்விளிம்புத் தட்டுகள்தான் அதையும் சுமக்க வேண்டும்.

எல்லாமே ஒப்புமைக்குள் வந்துவிட்டதா என்றால், இல்லை. பெரிய பயணிகள் விமானத்தின் இன்ஜின், தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே போக வேண்டி வந்தால், எட்டு நொடிக்குள் தேவையான விசையைத் தந்தாக வேண்டும் என்பது அமெரிக்க விதி. மாதிரியின் நேரக் கணக்கில் அது 2.3 நொடி. சிறிய டர்பைன் கீழ் வேகத்திலிருந்து மேலே வர அதைவிட அதிக நேரம் எடுக்கும். தண்டின் சுழற்சி, எரிபொருளைக் கூட்டக்கூடிய வேகம் இவற்றைத்தான் அது பொறுத்தது, விமானத்தின் 8.5 சதவீதத்தை அது அறியாது. ஆகவே எக்ஸ்-48பியின் த்ராட்டில், பெரியதைவிட மந்தம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய அளவு மாதிரி கட்டுகிற யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: கடையில் வாங்கும் இன்ஜின் விசையில் ஒத்துப்போகலாம், வேகமாகப் பதில் சொல்வதில் ஒத்துப்போகாது.

கட்டியதும் ஓட்டியதும்

கிரான்ஃபீல்ட் இரண்டு விமானங்களைக் கட்டியது, இரண்டும் லேசான கூட்டுப்பொருளில். முதலாவது 2006இல் நாசா லாங்லியின் பெரிய காற்றுச் சுரங்கத்துக்குப் போனது. அப்போது ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகம் நடத்தி வந்த அந்தச் சுரங்கத்தின் வாய் 30 அடி உயரம், 60 அடி அகலம், 1931இல் கட்டியது. 20 அடி இறக்கையுள்ள விமானத்தை முழுதாக உள்ளே நிறுத்தலாம். பறக்கப் போகும் பொருளையே பறப்பதற்கு முன்பு காற்றில் வைத்து அளந்தது பெரிய வசதி. இரண்டாவது விமானம் பறப்பதற்காக கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில், அப்போது டிரைடன் என்ற பெயரில் இருந்த நாசா மையத்துக்குப் போனது.

கட்டுப்பாட்டுத் தட்டுகள் மொத்தம் 20. பின்விளிம்பு நெடுக, மூக்கை ஏற்றி இறக்கவும் விமானத்தைச் சாய்க்கவும் உதவும் எலிவான்கள், நுனிகளில் நிமிர்ந்து நிற்கும் சிறகுகளில், மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர்கள். எல்லாம் கணினி வழியாகத்தான். மாதிரியில் எல்லாம் 3.43 மடங்கு வேகமாக நடக்கிறது என்றால் தட்டை அசைக்கும் மோட்டாரும் அத்தனை மடங்கு வேகமாக அசைய வேண்டும். பெரிய விமானத்தின் தட்டு நொடிக்கு 30 டிகிரி திரும்பினால் போதும் என்று வைத்துக்கொண்டால், இங்கே 100 டிகிரிக்கு மேல். விசை குறைவு, வேகம் அதிகம்.

மனிதனுக்கும் இதே சிக்கல். கண்ணால் பார்த்து, கையை அசைக்க நமக்குக் கால் நொடி ஆகிறது. மாதிரியின் நேரத்தில் அது, பெரிய விமானத்தில் முக்கால் நொடிக்கும் அதிகமாகத் தூங்கிவிட்டு எழுந்ததற்குச் சமம். அதோடு ரேடியோவில் தகவல் போய்வரும் தாமதமும் சேரும். மைதானத்து ஓரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்து ஓட்டுவது நடக்காத காரியம். ஆகவே விமானி தரையில் ஒரு அறையில், நிஜ விமானத்தின் கைப்பிடிகளும் கருவிகளும் முன்னால் இருக்க, மூக்கிலுள்ள கேமரா அனுப்பும் படத்தைத் திரையில் பார்த்து ஓட்டினார். நொடிக்கு நொடி சமநிலை பார்ப்பதை விமானத்துக்குள்ளிருந்த கணினி பார்த்துக்கொண்டது.

2007 ஜூலை 20 காலை முதல் பறப்பு. 31 நிமிடம், 7,500 அடி உயரம். காலை நேரத்துக்கும் ஒப்புமைக்கும் தொடர்பு உண்டு. காற்றின் வேகமும் 3.43ஆல் பெருக வேண்டும். 15 நாட் (மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர்) காற்று மாதிரியை ஆட்டுவது, 51 நாட் புயல்காற்று பெரிய விமானத்தை ஆட்டுவதுபோல. பாலைவனம் சூடேறிக் காற்று கிளம்புவதற்கு முன்னால் பறந்து முடித்துவிடுவதுதான் புத்தி. இது சாதாரண மாதிரி ஆர்வலருக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான். கணக்கு அதற்குக் காரணம் சொல்கிறது.

அதற்குப் பிறகு படிப்படியாகப் போனார்கள். குறைந்த வேகத்தில் ஸ்டாலைத் தள்ளிப்போடும் முன்விளிம்புத் தட்டுகளான ஸ்லாட்டுகள் நீட்டிய நிலையிலும் உள்ளே இழுத்த நிலையிலும் பறந்தார்கள். 2008இல் ஸ்டால் சோதனைகள். சுழன்று விழுந்தால் மீட்க ஒரு பாராசூட்டும் இருந்தது. பிறகு, விமானம் எல்லை மீறாமல் கணினி பிடித்து நிறுத்துகிறதா என்று வேண்டுமென்றே எல்லையை நோக்கித் தள்ளிப் பார்த்தார்கள். முதல் கட்டம் 2010 மார்ச் 19இல் 80ஆவது பறப்போடு முடிந்தது. மொத்தமாக 92 பறப்புகள். குறைந்த வேகத்தில் இந்த வடிவத்தை வழக்கமான விமானத்தைப்போலவே நம்பி ஓட்டலாம் என்பதுதான் கிடைத்த பதில்.

பிறகு அதே விமானத்தைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். எக்ஸ்-48சி. நுனியிலிருந்த நிமிர்ந்த சிறகுகளை எடுத்து இன்ஜின்களின் இருபுறமும் வைத்தார்கள், பின்தளத்தை இரண்டு அடி நீட்டினார்கள், மூன்று இன்ஜினுக்குப் பதில் ஒவ்வொன்றும் 89 பவுண்டு விசையுள்ள இரண்டு. நோக்கம் சத்தம். நீட்டிய தளமும் சிறகுகளும் இன்ஜின் சத்தத்தைக் கீழே போகவிடாமல் மறைக்கும். அந்த மாற்றத்துக்குப் பிறகு விமானம் அடங்கி நடக்கிறதா என்பதே கேள்வி. 2012 ஆகஸ்ட் 7 முதல் 2013 ஏப்ரல் 9 வரை 30 பறப்புகள், அடங்கி நடந்தது. இன்ஜினின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றி அதே உடலில் மறுபடி பறக்க முடிந்தது, மாதிரி என்பதால்தான். நிஜ விமானத்தில் இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவை நினைத்தே பார்க்க முடியாது.

மாதிரி சொல்லாதவை

எக்ஸ்-48பியின் உச்ச வேகம் 118 நாட், மணிக்கு 219 கிலோமீட்டர். ஒப்புமைக் கணக்கில் பெரியதன் 405 நாட்டுக்குச் சமம் என்றாலும், ஒலிவேகத்தோடு ஒப்பிட்டால் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒலிவேகத்தை நெருங்கும்போது இறக்கை மேல் வரும் அதிர்ச்சி அலைகள் பற்றி இந்த விமானத்திடம் கேட்டுப் பயனில்லை. ஓடுவதும் ஏறுவதும் இறங்குவதும் ஸ்டாலும் மட்டும்தான் இதன் பாடம்.

இன்னொன்று ரெய்னால்ட்ஸ் எண். காற்றின் பிசுபிசுப்பு எவ்வளவு ஆதிக்கம் செலுத்துகிறது என்பதற்கான அளவு அது. எடையையும் வேகத்தையும் ஒத்துப்போக வைத்தால் இது ஒத்துப்போகாது, இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க இயற்கை விடுவதில்லை. இங்கே அது பெரியதில் 40இல் ஒரு பங்கு. பொதுவாக இதனால் மாதிரியின் இறக்கை சற்று முன்னதாகவே ஸ்டால் ஆகும். பெரியது இதைவிட நன்றாக நடந்துகொள்ளும் வாய்ப்புதான் அதிகம் என்பதால், பிழை பத்திரமான பக்கம் விழுகிறது.

இந்தக் கணக்கு நம் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். பைப்பர் ஜே-3 கப் விமானத்தை நாலில் ஒரு பங்கு அளவில் கட்டுகிறவர்கள் நிறைய. நிஜ கப்புக்கு இறக்கை 10.7 மீட்டர், முழு எடை 553 கிலோ, இன்ஜின் 65 குதிரைசக்தி. நாலில் ஒரு பங்கில் இறக்கை 2.7 மீட்டர். எடையை 64ஆல் வகுத்தால் 8.6 கிலோ. குதிரைசக்தி இன்னும் வேகமாகக் குறையும், விசை 64 பங்கு, வேகம் 2 பங்கு, ஆக 128ஆல் வகுக்க வேண்டும்: அரை குதிரைசக்தி. சின்ன ப்ரொபெல்லரின் திறன் குறைவு, ரெய்னால்ட்ஸ் எண்ணால் இழுவையும் கொஞ்சம் அதிகம் என்று வைத்தாலும் ஒரு குதிரைசக்தி இருந்தால் நிஜ கப் மாதிரியே ஏறும். ஆனால் இதற்கு 20, 30 சிசி பெட்ரோல் இன்ஜின் மாட்டி, இரண்டு மூன்று குதிரைசக்தியோடு பறக்கவிடுகிறார்கள். தப்பில்லை, மீள்வதற்குப் பலம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்த விமானம் கப் மாதிரிப் பறக்காது. மணிக்கு 60 கிலோமீட்டரில் நிதானமாக மிதந்துபோவதுதான் அதன் அழகு, அதற்கு த்ராட்டிலைப் பாதிக்குக் கீழே வைக்க மனம் வர வேண்டும். எடை 8.6 கிலோவுக்கு வந்துவிட்டது என்றால் அதற்கு மேல் செதுக்குவதை நிறுத்திவிடலாம், அதுதான் சரியான எடை.

எக்ஸ்-48பி சொல்ல முடியாத இன்னொரு விஷயம் உடலின் பலம். பயணிகள் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். வட்டக் குழாய் அதைச் சுலபமாகத் தாங்கும், தட்டையாக அகன்ற உடல் வீங்கப் பார்க்கும். இதற்கு நாசாவும் போயிங்கும் பறக்காத ஒரு மாதிரியைக் கட்டினார்கள்: தைத்து ஒட்டிய கார்பன் கூட்டுப்பொருளில், 80 சதவீத அளவில், 30 அடி அகலமுள்ள ஒரு நடுவுடல் துண்டு. 2015இல் லாங்லியில் அதை அழுத்தியும் வளைத்தும் சோதித்தார்கள். அளவு விகிதம் கேள்வியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டாம். பறக்கும் குணத்துக்கு 8.5 போதுமாக இருந்தது, பலத்துக்கு 80 தேவைப்பட்டது.

2023 ஆகஸ்டில் அமெரிக்க விமானப்படை, இந்த வடிவத்தில் முழு அளவு விமானம் ஒன்றைக் கட்ட ஜெட்ஸீரோ என்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது; 2027இல் பறக்க வைப்பது என்று இலக்கு சொன்னார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவர் முன்பு மெக்டானல் டக்ளஸில் இருந்த மார்க் பேஜ். அவர்களும் முதலில் செய்தது ஒரு பறக்கும் மாதிரிதான். பாத்ஃபைண்டர் என்று பெயர், எட்டில் ஒரு பங்கு, இறக்கை 23 அடி. இதே கணக்கைப் போட்டால் எடை பெரியதில் 512இல் ஒரு பங்கு, அசைவுகள் 2.83 மடங்கு வேகம்.